சிசிலியின் பண்ணைப் பந்தி: விளைத்தவரும் உண்டவரும்

இத்தாலி நாட்டுப்புறங்களில் கோடை மாலைகளில் நடைபெறும் பண்ணை விருந்துகள் இன்று உலகெங்கும் பேசப்படுகின்றன. ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணை. அதன் முற்றத்திலோ திராட்சைப் பந்தலின் கீழோ நீண்டதொரு மேசை. ஒருவரையொருவர் முன்பின் அறியாத விருந்தினர் அதனைச் சுற்றி அருகருகே அமர்கின்றனர். அப்பண்ணையில் விளைந்த காய்கறி, அங்கேயே பிழிந்த ஒலிவ எண்ணெய், அங்கேயே கறந்த பாலில் செய்த பாலாடைக்கட்டி ஆகியவை தட்டுத் தட்டாகக் கைமாறுகின்றன. எது எந்த வயலில் விளைந்தது என்பதையும் சொல்லிப் பரிமாறுவது பண்ணைக்காரரின் வழக்கம்.

‘அக்ரிதூரிஸ்மோ’ என்று வழங்கும் இவ்வமைப்புக்கு இத்தாலியில் தனிச் சட்டமே உண்டு. 1985 டிசம்பர் 5 ஆம் நாளைய 730 ஆம் எண் சட்டம் அதனை முதன்முதலில் வரையறுத்தது. 2006 ஆம் ஆண்டின் 96 ஆம் எண் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. வேளாண்மையே முதன்மையாகவும் விருந்தோம்பல் அதனைச் சார்ந்ததாகவும் இருத்தல் வேண்டும் என்பது இவற்றின் அடிப்படை. இன்று இத்தாலி முழுவதிலும் இத்தகைய பண்ணைகள் 25,000க்கும் மேற்பட்டு உள்ளன. 1986 இல் ரோம் நகரின் நடுவே மெக்டொனால்ட்ஸ் உணவகம் திறக்கப்பட்டதற்கு எழுந்த எதிர்ப்பும், கார்லோ பெத்ரீனியின் தலைமையில் வளர்ந்து 1989 இல் பாரிஸ் நகரில் பன்னாட்டு இயக்கமாக உருப்பெற்ற ‘ஸ்லோ ஃபுட்’ முயற்சியும் இவ்விருந்துகளுக்குப் புதுமதிப்பை அளித்தன.

தட்டில் உள்ள உணவு எங்கிருந்து வந்தது என்று கேட்பதே இவ்விருந்தின் சிறப்பு. நல்ல கேள்விதான். எனினும் அது பாதிக் கேள்வியே. எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்பவர், யார் விளைத்தார், விளைத்தவருக்கு அதில் என்ன பங்கு கிடைத்தது என்றும் கேட்டாக வேண்டும். இக்கேள்வியை இத்தாலியின் தெற்குக் கோடியில் உள்ள சிசிலித் தீவில் வைத்து ஆராய்வோமானால், இஸ்லாமிய வரலாற்றின் மறக்கப்பட்ட ஓர் ஏடு நம் முன் விரிகிறது. அந்த ஏட்டில் நாம் பெருமை கொள்ளத்தக்கவையும் உண்டு. நின்று சிந்திக்க வேண்டியவையும் உண்டு.

மேசையின் மேல் உள்ள சொற்கள்

சிசிலியப் பண்ணை விருந்தில் முதலில் வருவது பெரும்பாலும் ரொட்டியும் ஒலிவமும். ரொட்டியின் மேல் எள் தூவப்பட்டிருக்கும். எள்ளுக்குச் சிசிலியர் வழங்கும் பெயர் ‘ஜுஜ்ஜுலேனா’, அரபியில் ‘ஜுல்ஜுலான்’. அடுத்துக் கத்தரிக்காயைப் பொரித்துக் காடியும் சர்க்கரையும் சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்த ‘கப்போனாத்தா’ வரும். சிசிலிய மொழியில் கத்தரிக்காய் ‘மிலின்ச்சானா’. அரபியின் ‘பாதின்ஜான்’ என்னும் சொல்லிலிருந்து திரிந்தது அது. இறுதியில் எள்ளையும் தேனையும் சேர்த்துக் காய்ச்சிய ‘குப்பாயித்தா’ வரும், அரபியில் ‘குப்பைத்’. ‘கஸ்ஸாத்தா’ என்னும் புகழ்பெற்ற இனிப்பின் பெயர், அகன்ற பாத்திரத்தைக் குறிக்கும் ‘கஸ்ஆ’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர் மொழியறிஞர் பலர். ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கத்தை இன்றும் விடாத நம் கடற்கரை ஊரார்க்கு, ஓர் உணவு தன் பாத்திரத்தின் பெயராலேயே அறியப்படுவது புதுமையாகத் தோன்றாது.

மேற்குச் சிசிலியில் உள்ள திராப்பானிப் பகுதியின் சிறப்புணவு ‘குஸ்குஸு’. கோதுமை ரவையை நீர் தெளித்து விரல்களால் உருட்டி, துளையிட்ட மண்பாத்திரத்தில் ஆவியில் வேகவைத்து, மீன் சாற்றை ஊற்றி உண்பர். வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின் குஸ்குஸே இது. இவ்வுணவு சிசிலியில் முஸ்லிம்களின் ஆட்சிக் காலத்திலிருந்து தொடர்ந்து வருவதா, பிற்காலத்தில் துனீசியக் கடற்கரையோடு மீனவர் கொண்ட தொடர்பால் மீண்டும் வந்ததா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாஸ்தாவின் செய்தி இதனினும் தெளிவானது. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் அரசவையில் பணியாற்றிய புவியியல் பேரறிஞர் அல்-இத்ரீஸி, 1154 இல் நிறைவு செய்த தம் நூலில், பலெர்மோவுக்குக் கிழக்கே உள்ள திராபியா என்னும் ஊரில் ‘இத்ரிய்யா’ எனப்படும் உலர்ந்த மாவுச் சேமியா பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். உலர்ந்த பாஸ்தா ஒரு தொழிலாக நடந்ததற்கு இத்தாலிய மண்ணில் நமக்குக் கிடைக்கும் மிகத் தொன்மையான சான்று இதுவே.

இப்பயிர்கள் பலவற்றின் பயணம் நம் துணைக்கண்டத்தில் தொடங்குகிறது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ‘சர்க்கரா’ என்னும் வடசொல் பாரசீகத்தில் ‘ஷகர்’ ஆகி, அரபியில் ‘ஸுக்கர்’ ஆகி, இத்தாலியத்தில் ‘ஸுக்கெரோ’ ஆயிற்று. ‘நாரஞ்ஜ்’ என்னும் அரபுச் சொல்லின் வேர் திராவிட மொழிகளில் உள்ளது என்று மொழியறிஞர் பலர் கருதுவர். நம் நாரத்தையும் இத்தாலியரின் ‘அரான்ச்சா’வும் உறவுச் சொற்கள் ஆகலாம். இந்தியக் கடற்கரையிலிருந்து பாரசீகம், இராக், எகிப்து, இஃப்ரீக்கியா வழியாகச் சிசிலி வரை நீண்ட இப்பாதையில் விதையையும் செடியையும் எடுத்துச் சென்றவர்கள் வணிகர், உழவர், ஹஜ்ஜுப் பயணிகள் ஆகிய சாமானிய மக்களே.

ஆயினும் இங்கு ஓர் எல்லைக்கோடு வரைவது நம் கடமை. மேசையின் மேல் உள்ள அனைத்தும் அரபியர் தந்தவை அல்ல. கோதுமை, ஒலிவம், திராட்சை ஆகியவை கிரேக்கர் காலத்துக்கும் முற்பட்டவை. தக்காளி, மிளகாய், சப்பாத்திக்கள்ளிப் பழம் ஆகியவை 1492 க்குப் பின் அமெரிக்காவிலிருந்து வந்தவை. புளிப்பு நாரத்தையை முஸ்லிம்கள் கொணர்ந்தனர். இன்று நாம் உண்ணும் இனிப்பு ஆரஞ்சு அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னரே வந்தது. இஸ்லாமிய உலகில் நிகழ்ந்த வேளாண் மாற்றத்தைப் பற்றி ஆன்ட்ரூ வாட்ஸன் 1983 இல் வெளியிட்ட நூல் பெரும் புகழ் பெற்றது. அவர் புதியன என்று குறித்த பயிர்களுள் சில இஸ்லாத்துக்கு முன்பே மத்தியதரைக் கடற்பகுதியில் அறியப்பட்டிருந்தன என்று மைக்கேல் டெக்கர் 2009 இல் எடுத்துக்காட்டினார். உண்மையான பெருமைக்கு மிகைக்கூற்று தேவையில்லை.

நீரும் நிலமும்

பயிரைக் காட்டிலும் முஸ்லிம்கள் சிசிலியில் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் நீரை ஆளும் முறையே. சிசிலியில் கோடை மாதங்களில் மழை மிக அரிது. அக்காலத்தில் நீர் பாய்ச்சினாலன்றிக் கரும்போ கத்தரியோ எலுமிச்சையோ நிலைத்திரா. இன்றும் பண்ணைகளில் நீரைத் தேக்கும் கல் தொட்டி ‘ஜெப்பியா’ எனப்படுகிறது. அது அரபியின் ‘ஜாபியா’. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் சக்கரம் ‘சேனியா’, அது ‘ஸானியா’. வாய்க்கால் ‘சாயா’, அது ‘ஸாகியா’. ஊற்று ‘ஃபவாரா’; அது ‘ஃபவ்வாரா’. எலுமிச்சைப் பூ ‘ஸாகரா’, அது ‘ஸஹ்ர்’. தானிய அளவையாகிய ‘தும்மினு’ எட்டில் ஒரு பங்கைக் குறிக்கும் ‘ஸும்ன்’; எண்ணெய் அளவையாகிய ‘காஃபிசு’ அரபியரின் ‘கஃபீஸ்’. பள்ளிவாசல்களும் அரண்மனைகளும் அழிந்த பின்னரும் தொட்டியும் வாய்க்காலும் மரக்காலும் பெயர் மாறாது நின்றன. ஆள்வோரின் மொழி மாறலாம். நீர் பாய்ச்சுவோர் தம் சொல்லை எளிதில் விடுவதில்லை.

இத்தீவு முஸ்லிம்களின் வசம் வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஹிஜ்ரி 212, அதாவது கி.பி. 827 இல், அக்லபி ஆட்சியாளர் அனுப்பிய படை மஸாராவில் கரையிறங்கியது. அதற்குத் தலைமை ஏற்றவர் கைரவானின் காழியும் மாலிகி சட்டவியல் மேதையுமான அஸத் இப்னுல் ஃபுராத். அவர் மறு ஆண்டே சிராகூஸா முற்றுகையின்போது காலமானார். பலெர்மோ 831 இலும், சிராகூஸா 878 இலும், தவோர்மினா 902 இலும் வீழ்ந்தன. எழுபத்தைந்து ஆண்டுகள் நீடித்த இப்படையெடுப்பு மென்மையானதன்று. சிராகூஸாவின் வீழ்ச்சியில் அந்நகர மக்கள் பெருந்துயர் அடைந்தனர். வென்றவர் நிலத்தையும் கைக்கொண்டனர். நிலம் எவ்வாறு பங்கிடப்பட்டது, எவரிடமிருந்து எவருக்குச் சென்றது, அப்பங்கீடு செல்லத்தக்கதா என்னும் வினாக்கள் முஸ்லிம் சட்ட அறிஞர்களை நெடுங்காலம் உறுத்தின. 1011 இல் காலமான மாலிகி அறிஞர் அத்தாவூதீ, தம் ‘கிதாபுல் அம்வால்’ நூலில் சிசிலி நிலங்களின் சிக்கலைத் தனியே எடுத்து ஆராய்கிறார். தம் சமூகத்தின் வெற்றியைத் தம் சமூகத்தின் சட்டத்தாலேயே கேள்விக்கு உட்படுத்திய இந்நேர்மை நம் மரபின் உயர்ந்த கூறுகளுள் ஒன்று.

நிலம் அமைந்த பின் நிகழ்ந்த மாற்றத்தை முதலில் விரிவாக எழுதியவர் சிசிலியரான மிக்கேலே அமாரி. ‘சிசிலி முஸ்லிம்களின் வரலாறு’ என்னும் அவரது பெருநூல் 1854 முதல் 1872 வரை வெளிவந்தது. ரோமர் காலத்திலிருந்து நீடித்த பெருநிலவுடைமை முஸ்லிம்களின் காலத்தில், குறிப்பாகத் தீவின் மேற்குப் பகுதியில், உடைந்து சிறு நிலங்களாயிற்று என்பது அவர் கருத்து. குடியேறிய படைவீரர்க்கு நிலம் பகிரப்பட்டதும், இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தின்படி சொத்து ஆண், பெண் மக்கள் அனைவருக்கும் பிரிந்ததும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 973 அளவில் பலெர்மோவைக் கண்ட இப்னு ஹவ்கல், நகரைச் சூழ்ந்த தோட்டங்களையும் நீர்ச்சக்கரங்களையும் 300க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களையும் குறிப்பிடுகிறார். அவருக்கு அவ்வூர் மக்களைப் பிடிக்கவில்லை. காலையும் மாலையும் பச்சை வெங்காயம் தின்பதால் அவர்தம் அறிவு மழுங்கிவிட்டது என்று கடிந்துரைக்கிறார்! அவரது சினத்தை ஒதுக்கிவிட்டு நோக்கினால், ஏழையும் செல்வரும் தத்தம் வீட்டில் தோட்டக் காய்கறியை உண்டு வாழ்ந்த ஒரு நகரை நாம் காண்கிறோம்.

யாத்தோ மலையின் உழவர்கள்

நார்மானியர் 1061 இல் மெஸ்ஸீனாவில் கால்பதித்து, 1072 இல் பலெர்மோவையும், 1091 இல் நோத்தோவையும் கைப்பற்றித் தீவு முழுவதற்கும் அதிபராயினர். அவர்கள் முஸ்லிம் எழுத்தரையும் கட்டடக் கலைஞரையும் தோட்டக்காரரையும் விடாது வைத்துக்கொண்டனர். அரண்மனையின் இவ்வொளி வரலாற்று நூல்களில் பெரிதும் பேசப்படுகிறது. வயலில் நிகழ்ந்ததோ வேறு.

பலெர்மோவுக்குத் தெற்கே யாத்தோ என்றொரு பள்ளத்தாக்கும் அதன் மேல் அதே பெயருடைய மலையும் உள்ளன. இன்று அங்குள்ள சிற்றூர் சான் ஜுஸெப்பே யாத்தோ. கோதுமையும் திராட்சையும் ஒலிவமும் விளையும் அவ்விடத்தில் பண்ணை விருந்துகளும் நடைபெறுகின்றன. நம் வரலாற்றின் எஞ்சிய பகுதியை இந்த ஒரு பள்ளத்தாக்கிலிருந்தே காணலாம்.

மன்னர் இரண்டாம் வில்லியம் மொன்ரியாலேயில் ஒரு பெருமடத்தை நிறுவி, யாத்தோ, கொர்லியோனே உள்ளிட்ட பரந்த நிலங்களை அதற்கு வழங்கினார். அந்நிலங்களில் உழுதவர் பெரும்பாலும் முஸ்லிம்கள். நிலத்தோடு அவர்களும் மடத்துக்குச் சேர்க்கப்பட்டனர். 1178 இலும் 1183 இலும் எழுதப்பட்ட ‘ஜரீதா’ எனப்படும் பதிவேடுகளில் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் அரபியிலும் கிரேக்கத்திலும் வரிசையாக உள்ளன. 1182 ஆம் ஆண்டின் ஆவணமோ லத்தீனிலும் அரபியிலும் நிலங்களின் எல்லைகளை ஓடை, பாறை, பாதை என விவரிக்கிறது. அழகிய அரபு எழுத்தில் அமைந்த அவ்வேடுகள் இன்று ஆய்வாளர்க்குக் கருவூலம். அவற்றில் பெயர் இடம்பெற்றவர்க்கோ, தாமும் தம் மக்களும் பிறர் உடைமைக்குள் எழுதப்பட்ட சாசனம் அது.

1184 டிசம்பரில், ஹஜ்ஜிலிருந்து திரும்பிய அந்தலுஸியப் பயணி இப்னு ஜுபைர் மெஸ்ஸீனா அருகே கப்பல் உடைந்து கரை சேர்ந்தார். பலெர்மோவிலிருந்து திராப்பானி நோக்கிச் சென்ற வழியில் செழித்த வயல்களையும் ஊர்களையும் கண்டு தம் தாயகத்தை நினைவுகூர்ந்தார். கிறிஸ்தவர் முஸ்லிம்களுடன் நயமாகப் பழகுவதையும் ஒளிக்காது எழுதினார். அதே மூச்சில், ஆண்டுக்கு இருமுறை அவர்கள் மீது வரி விதிக்கப்படுவதையும், முன்பு அவர்களுக்கு உரியதாயிருந்த நிலத்தின் வளத்துக்கும் அவர்களுக்கும் இடையே ஆட்சியாளர் குறுக்கே நிற்பதையும் குறித்தார். இனிய முகமன் இருந்தது, பங்கு இல்லை. இப்னு ஜுபைரின் குறிப்புகளுள் இதுவே நம்மைச் சிந்திக்கச் செய்வது.

1189 இல் வில்லியம் மாண்டதும் பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். உயிர் தப்பியோர் மேற்கு மலைகளில் அடைக்கலம் புகுந்தனர். முஹம்மது இப்னு அப்பாத் என்பவரின் தலைமையில் யாத்தோ மலை அவர்களின் அரணாயிற்று. பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் 1222 இல் அதனை முற்றுகையிட்டார். இப்னு அப்பாத் கொல்லப்பட்டார். அதன்பின் முஸ்லிம் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகப் பெயர்க்கப்பட்டு, இத்தாலியப் பெருநிலத்தில் உள்ள லுச்சேரா என்னும் ஊரில் குடியமர்த்தப்பட்டன. யாத்தோவின் கடைசி மக்கள் 1246 இல் மலையிறங்கினர். 1971 முதல் ஸூரிக் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில், தொன்மையான கிரேக்க அரங்கின் படிவரிசைகளுக்கு மேல் இம்மக்கள் கட்டி வாழ்ந்த எளிய வீடுகளின் அடித்தளங்கள் வெளிப்பட்டன.

உழவர் சென்ற பின் தோட்டம் என்னாயிற்று? இதற்குப் பேரரசரின் கடிதமே விடையளிக்கிறது. 1239 இல் பிரெடெரிக், கிழக்கே தீர் நகரில் இருந்த தம் அதிகாரிக்கு எழுதி, சர்க்கரை காய்ச்சத் தெரிந்த இருவரைத் தேடிப் பலெர்மோவுக்கு அனுப்புமாறும், அக்கலை அங்கே அழிந்துபோகாதிருக்கப் பிறருக்கும் அதனைக் கற்பிக்கச் செய்யுமாறும் பணித்தார். அதே காலத்தில், மேற்கிலிருந்து வந்து சேர்ந்த யூதர்களிடம் பேரீச்சந்தோப்பை ஒப்படைத்து, மருதாணியும் அவுரியும் பயிரிட ஏற்பாடு செய்தார். அரபி அறிந்தவர், அறிவியலை நேசித்தவர், முஸ்லிம் அறிஞர்களோடு கடிதத் தொடர்பு கொண்டவர் என்று போற்றப்படும் அதே மன்னர்தாம், கரும்பை அறிந்த கைகளைத் தீவிலிருந்து அகற்றிவிட்டுக் கடல் கடந்து சர்க்கரைக்காரர் இருவரைத் தேடினார். நிலத்தை வாளால் பெறலாம். அதனை விளைக்கும் அறிவு தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்குச் செல்வது. இடையில் அறுந்தால் அரசாணையால் அதனை எளிதில் முடிய இயலாது. லுச்சேராவின் முடிவும் துயரமானதே. 1300 ஆகஸ்டில் நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் அவ்வூரைக் கலைத்து, அதன் முஸ்லிம்களை அடிமைகளாக விற்கச் செய்தார்.

பாதி வாரம்

முஸ்லிம்கள் அகன்ற மேற்குச் சிசிலியின் உட்பகுதி, காலப்போக்கில் கோதுமை மட்டுமே விளையும் பெருநிலங்களாக மீண்டது. நிலக்கிழார் பலெர்மோவில் வாழ்வார். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் இடைத்தரகர் ‘கபெல்லோத்தோ’ எனப்பட்டார். ‘கபாலா’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்த பெயர் அது. உழவரைப் பிழிந்தும் நிலக்கிழாரை அஞ்சவைத்தும் வளர்ந்த இவ்விடைத்தரகர் கூட்டத்திலிருந்தே மாஃபியாவின் தலைவர் பலர் தோன்றினர்.

நடு இத்தாலியில் நிலவியது ‘மெஸ்ஸாத்ரியா’. விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்கு, பாதி உழவர் குடும்பத்துக்கு. நம் நாட்டில் வாரம் என்று வழங்கும் முறையே இது. இன்று விளம்பரங்களில் காணும் பண்ணை விருந்தின் மூலவடிவம் இம்முறையில்தான் உள்ளது. கதிரடிக்கும் நாளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூலியின்றி ஒருவருக்கொருவர் உதவுவர். அன்று வீட்டின் தலைவியாகிய ‘மஸ்ஸாயா’ வாத்தை அறுத்துச் சமைத்து நீண்ட மேசையில் அனைவருக்கும் பரிமாறுவாள். ஆனால் அதே நாளில் அதே களத்தில் நிலக்கிழாரின் கணக்கர் நின்று மூட்டைகளை எண்ணிப் பாதியைப் பிரித்துக்கொள்வார். விருந்தும் பிரிவினையும் ஒரே நாளின் நிகழ்ச்சிகள்.

பங்குச் சாகுபடியைத் தன்னளவில் தீதென்று நாம் கூறவில்லை. ஹிஜ்ரி 7 இல் கைபர் நிலங்களை அங்கிருந்த யூதர்களிடமே விட்டு, விளைச்சலில் பாதி என நபிகளார் (ஸல்) உடன்படிக்கை செய்தார்கள். மரத்தோட்டங்களுக்குரிய முஸாகாத்தும் வயலுக்குரிய முஸாரஆவும் சட்ட நூல்களில் தனித்தனி அத்தியாயங்கள் பெற்றவை. பின்னது எந்நிபந்தனைகளில் கூடும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதங்கள் அனைத்தின் உள்ளக்கிடக்கை ஒன்றே: விளைச்சல் பொய்க்கும் ஆண்டில் முழு இழப்பும் உழைப்பவர் தலையில் விழலாகாது; பங்கு முன்கூட்டியே தெளிவாக இருத்தல் வேண்டும். பாதி என்னும் அளவு நீதியாவதும் அநீதியாவதும் விதை யாருடையது, கடன் யாருடையது, வெளியேற்றும் அதிகாரம் யாருடையது என்பவற்றைப் பொறுத்ததே.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் இத்தாலிய உழவர் இக்கேள்விகளை எழுப்பினர். 1944 அக்டோபரில் வேளாண் அமைச்சர் ஃபவுஸ்தோ குல்லோ பிறப்பித்த ஆணைகள், பங்குச் சாகுபடியாளரின் பங்கை உயர்த்தின. தரிசாகக் கிடந்த நிலங்களைக் கூட்டுறவுகள் பயிரிட வழிவகுத்தன. சிசிலியில் நிலக்கிழாரும் மாஃபியாவும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1947 மே முதல் நாளன்று, யாத்தோ பள்ளத்தாக்கை அடுத்த போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ரா என்னும் கணவாய்ப் புல்வெளியில், சுற்றியுள்ள ஊர்களின் உழவர் தம் மனைவி மக்களுடனும் கட்டுச்சோற்றுடனும் கூடினர். தொழிலாளர் நாளைக் கொண்டாடி ஒன்றாக அமர்ந்து உண்பது அவர்தம் வழக்கம். மலைச்சரிவிலிருந்து கொள்ளைக்காரன் ஸல்வத்தோரே ஜூலியானோவின் கூட்டத்தார் சுட்டனர். குழந்தைகள் உட்படப் பதினொருவர் அங்கேயே மாண்டனர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் முஸ்லிம் உழவர் நிலமிழந்து இறங்கிய மலைக்கு அருகிலேயே கிறிஸ்தவ உழவர் நிலம் கேட்டதற்காகக் குருதி சிந்தினர். சமயம் வேறு, வினை ஒன்றே.

1950 இல் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. 1964 ஆம் ஆண்டின் 756 ஆம் எண் சட்டம் புதிய மெஸ்ஸாத்ரியா ஒப்பந்தங்களைத் தடை செய்தது. 1982 இன் 203 ஆம் எண் சட்டம் எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற வழி செய்தது. இதன் பின்னரே, 1985 இல், நாம் தொடக்கத்தில் கண்ட பண்ணை விருந்துச் சட்டம் பிறந்தது. இவ்வரிசை தற்செயலானதன்று. உழுபவரே உடையவரான பின்புதான், தம் விளைச்சலைத் தம் மேசையில் வைத்துத் தம் பெயரால் விருந்தினரை அழைக்கும் தகுதி அக்குடும்பத்துக்கு வந்தது. கணக்கர் நின்று எண்ணிய களத்தில் விருந்தோம்பல் முழுமை பெறுவதில்லை. 1996 இன் 109 ஆம் எண் சட்டம் மாஃபியாவிடமிருந்து கைப்பற்றிய சொத்துகளைச் சமூகப் பயனுக்கு அளித்தது. 1948 இல் கொர்லியோனேயில் கொல்லப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் பிளாச்சிதோ ரிஸ்ஸொத்தோவின் பெயரால் 2001 இல் அமைந்த கூட்டுறவு, யாத்தோ பள்ளத்தாக்கிலும் அதனைச் சுற்றியும் அத்தகைய நிலங்களில் கோதுமை விளைத்துப் பாஸ்தா செய்கிறது. அல்-இத்ரீஸி குறித்த திராபியாவும் அவ்விடத்துக்கு மிகத் தொலைவில் இல்லை.

மேசையில் இல்லாதவர்

வரலாறு இங்கு நிறைவாக முடிந்தது என்று எழுத நமக்கும் விருப்பமே. ஆனால் இன்றைய இத்தாலிய வயல்களில் பழம் பறிப்போரும் திராட்சை அறுப்போரும் யார்? 1960களின் இறுதியிலிருந்து, முஸ்லிம் படை முதலில் இறங்கிய அதே மஸாராவில் துனீசியர் குடியேறி, மீன்பிடித்தும் தோட்டங்களில் உழைத்தும் வாழ்கின்றனர். இத்தாலியின் பிற பகுதிகளில் மொராக்கோ, செனகல், ருமேனியா, இந்தியா முதலிய நாடுகளின் தொழிலாளர் உள்ளனர். அவர்களுள் பலரை வயலுக்குக் கொண்டு சேர்ப்பவர் ‘கபொராலே’ எனப்படும் தரகர். கூலியில் ஒரு பகுதி அவருக்கே செல்லும். தரகரையும் அவர் வழியே தொழிலாளரைச் சுரண்டும் முதலாளியையும் தண்டிக்க 2016 ஆம் ஆண்டின் 199 ஆம் எண் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 2024 ஜூன் மாதத்தில், ரோமுக்குத் தெற்கே லாத்தினா மாவட்டத்தில், இந்தியத் தொழிலாளர் ஒருவரின் கை பண்ணை இயந்திரத்தில் சிக்கித் துண்டாயிற்று. அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் அவர் தங்கியிருந்த வீட்டருகே விட்டுச் சென்றனர். துண்டான கை பழப்பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. இரு நாள்களில் அவர் இறந்தார். இத்தாலி முழுவதும் அதிர்ந்தது.

பழம் எந்த மரத்தில் பழுத்தது என்று சொல்லப்படும் மேசையில், அதனைப் பறித்தவரின் பெயரும் சொல்லப்படும் நாளே அவ்விருந்து உண்மையான பகிர்வாகும். பண்ணைக் குடும்பமும் வேலையாள்களும் விருந்தினரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பண்ணைகளும் இத்தாலியில் இல்லாமல் இல்லை. அங்கு உணவு மட்டுமன்று, மதிப்பும் பகிரப்படுகிறது.

சிசிலியின் எலுமிச்சையும் சர்க்கரையும் நம் முன்னோர் தந்தவை என்று மேடைகளில் கூறுவது எளிது. அப்பெருமையோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. அச்செடிகளை நட்ட உழவரின் பெயர்கள் பிறரது உடைமைப் பதிவேட்டில்தான் நமக்குக் கிடைக்கின்றன. மரம் நட்டவர், அதில் பறவை உண்டாலும் நற்கூலி பெறுவார் என்று கற்பிக்கும் மார்க்கத்தை உடைய நாம், நட்டவருக்கு இம்மையில் உரிய கூலியும் மதிப்பும் கிடைத்ததா என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். இக்கேள்வி யாத்தோ மலையோடு நின்றுவிடாது. நம் தோப்புகளிலும் வயல்களிலும் நம் வீட்டு விருந்துகளிலும், சமைத்தவரும் சுமந்தவரும் எங்கே அமர்ந்து எப்போது உண்கின்றனர் என்பதையும் அது கேட்கும். அதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே, சிசிலி முஸ்லிம் உழவரின் வரலாற்றிலிருந்து நாம் எதனைக் கற்றோம் என்பது தெளிவாகும்.